வளர்ப்பு நாயும் அயல்வீட்டுக் கோழியும்

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் கீழை வாயிலில் பட்டினத்தாரையும், மேலை வாயிலில் பத்திரகிரியாரையும் காணலாம். குருவும் சீடருமான இவ்விருவரைப் பற்றி வழங்கும் கதையை நம் அங்கத்தினர்களில் அறியாதவர் இரார். கீழை வாயிலில் பிச்சை கேட்டு வந்தவரிடம், தாம் ஒன்றுமற்ற ஆண்டி என்றும், மேலை வாயிலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேட்கலாம் என்றும் பட்டினத்தார் சொன்னாராம். அரசைத் துறந்து வந்த அந்தச் சீடரிடம் இருந்தவை பிச்சை வாங்கும் ஓர் ஓடும், மிச்சத்தை உண்டு உடன் கிடந்த ஒரு நாயுமே. அவ்வளவுக்கே அவர் சம்சாரி ஆகிவிட்டார். சொல் தைக்கவே ஓட்டை வீசியெறிந்தார் என்றும், அது பட்டு நாய் மாண்டது என்றும் கதை செல்கிறது.

துறவியின் நெறி அது. நாம் இல்லறத்தார், நாயைத் துறப்பது நம் வழியன்று. ஆயினும், நாய் வைத்திருப்பவன் சம்சாரி என்ற அச்சொல்லில் இல்லறத்தார்க்கும் ஒரு பொருள் உண்டு. நாயை வளர்ப்பவன் அதன் வயிற்றுக்குப் பொறுப்பேற்பது போலவே அதன் பல்லுக்கும் பொறுப்பேற்கிறான். இதனை நாம் ஏட்டில் கற்கவில்லை. ஒரு சங்கத்தின் தணிக்கைக்குச் சென்ற இடத்தில் கற்றோம்.

ஜாமீனுக்கு வந்த சோதனை

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம். திருவிடைமருதூரை அடுத்த ஒரு கிராமத்துக் கடன் சங்கத்தில் பேரேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் அம்மையார் வந்து, தாம் ஒருவருக்கு இட்ட ஜாமீன் கையெழுத்தை ரத்துச் செய்ய வேண்டும் என்றார். அவர் கணவரை இழந்தவர். முக்கால் ஏக்கர் நிலமும் கொல்லையில் சில கோழிகளும் அவருக்கு ஆதாரம். முட்டை விற்ற காசிலிருந்தே சங்கத்தில் மாதந்தோறும் சிறுசேமிப்புக் கட்டி வந்தவர். அவர் ஜாமீன் நின்றது அடுத்த வீட்டு நெசவாளருக்காக. இரு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இருந்தது ஒரு கிலுவை வேலி மட்டுமே.

காரணத்தைக் கேட்டோம். நெசவாளரின் மகன் தென்மாவட்டத்திலிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கி வந்திருந்தான். அது வளர்ந்து ஒன்றரை வயது நாயாகி, ஒரு நாள் விடியற்காலையில் வேலியைத் தாண்டிக் குதித்தது. அரைமணி நேரத்தில் ஒன்பது கோழிகள் மாண்டன. ஒன்றைக்கூட அது தின்னவில்லை.

"பசிச்சுத் தின்னிருந்தாக்கூட மனசு ஆறும் ஐயா. ஒம்போதையும் கொன்னு வரிசையாப் போட்டுட்டுப் போயிருக்கு. அண்ணன் வீடாச்சேன்னு நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்!" என்று அந்த அம்மையார் கண் கலங்கினார்.

நம் பிழையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது நாம் உள்ளுக்குள் சிரித்தோம். கோழிச் சண்டை சங்க விவகாரம் ஆகாது என்றும், கடன் நிலுவையில் இருக்கும்போது ஜாமீன்தாரர் விலகிக்கொள்ள விதி இடந்தராது என்றும் சொல்லி அனுப்பிவிட்டோம். விதியளவில் அது சரியே. ஆனால், பத்திரத்திலிருந்து நீங்காத கையெழுத்து மனத்திலிருந்து நீங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த மாதம் கண்டோம். நெசவாளர் வீட்டுக்குத் தார் சுற்றக் கொடுக்கும் வழக்கத்தை அந்த அம்மையாரின் உறவினர்கள் நிறுத்தியிருந்தார்கள். தெரு இரண்டுபட்டது. பொதுக்குழுவுக்கு ஒரு பாதி வந்தால் மற்றப் பாதி வரவில்லை. நாய்க்கு விஷம் வைக்கப்போவதாகவும் பேச்சு எழுந்தது.

அதன்மேல்தான் நாம் நெசவாளர் வீட்டுப் படியேறினோம்.

துரத்துவது பகையன்று

முதலில் அரசு கால்நடை மருத்துவர் ஒருவரைக் கண்டு கேட்டோம். அவர் சொன்னதையும், பின்னர் நூல்களில் நாம் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

நாய் கோழியைக் கொல்வது கோபத்தாலன்று. பெரும்பாலும் பசியாலும் அன்று. ஓநாயின் வழிவந்த விலங்கு அது. இரையைக் கண்டு நிமிர்தல், உற்று நோக்கல், பதுங்கி நெருங்கல், துரத்தல், கவ்வல், கொல்லல், கிழித்துத் தின்னல் என்று வேட்டை ஒரு படிவரிசையாக அதன் உடலில் எழுதப்பட்டிருக்கிறது. மனிதன் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்ததில் சில இனங்களில் சில படிகள் ஓங்கின, சில மங்கின. ஆட்டு மந்தையை மடக்கும் நாய்களுக்கு நோக்கலும் பதுங்கலும் மிகுதி. நம் நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டவை. அவற்றுக்குத் துரத்தலும் கவ்வலும் மிகுதி. ஓடுவதொன்று கண்ணில் பட்டால் கால் தானே கிளம்பிவிடும்.

இங்கே முக்கியமானதொன்று உண்டு. துரத்துவதே நாய்க்குப் பரிசு. தின்னக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஓடும் ஓட்டமே அதற்கு இன்பம். ஆகையால் ஒவ்வொரு முறை துரத்தும்போதும் அப்பழக்கம் ஒரு படி உறுதிப்படுகிறது. கோழிகள் பறந்து அலறுவது நாயை மேலும் தூண்டும். ஒன்று அடங்கியதும் மற்றொன்றின் மேல் பாயும். ஒன்பது கோழிகள் தின்னப்படாமல் கிடந்ததன் காரணம் இதுதான். அது கொடுமையாகத் தோன்றினாலும், நாயின் நெஞ்சில் வஞ்சம் ஏதுமில்லை.

நாடா சொன்ன பாடம்

நெசவாளர் தறிக்குழியில் அமர்ந்திருந்தார். நாய் தறியருகே படுத்திருந்தது. நாடா இடமும் வலமுமாகப் பாய்ந்துகொண்டிருக்க, நாயோ கண்ணைக்கூடத் திருப்பவில்லை. ஓடுவதைக் கண்டால் பாயும் சாதி என்று இப்போதுதானே படித்தோம், இது எப்படி என்று வியந்து கேட்டோம்.

"குட்டியா இருக்கிறப்போ நாடா மேலே பாயத்தான் செய்தது ஐயா. பாவு அறுந்துடுமேன்னு தூரத்திலே கட்டிப்போட்டேன். பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போய்ப் படுத்துக்கும். கொஞ்சம் கொஞ்சமாக் கிட்டே கொண்டுவந்தேன். இப்போ அதுக்கு நாடாவும் ஒண்ணுதான், சுவரும் ஒண்ணுதான்" என்றார் அவர்.

அவர் தம்மையறியாமலே செய்திருந்தது பயிற்சியின் மூல சூத்திரம். பாய முடியாத தொலைவில் நிறுத்துவது. அமைதியாக இருக்கப் பழக்குவது. அமைதி நிலைத்த பின்னரே நெருங்குவது. பாவைக் காக்க எடுத்த அக்கறையை அயலாரின் கோழிக்கும் எடுத்திருந்தால் வழக்கே எழுந்திராது. இதனை அவரிடமே சொன்னோம். அவர் தலை குனிந்து, "ஆமாம் ஐயா" என்றார்.

ஆனால் நாடா வேறு, கோழி வேறு. நாடாவுக்கு உயிர்மணம் இல்லை. அஞ்சி ஓடுவதும் இல்லை. தவிர, நாடாவை இந்த நாய் ஒருபோதும் பிடித்ததில்லை. கோழியின் ருசியையோ, அதாவது துரத்திய ருசியை, கண்டுவிட்டது. ஆகவே வேலை கடினம் என்றும், மாதங்கள் பிடிக்கும் என்றும் மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார்.

பயிற்சி முறை

நெசவாளர் கைக்கொண்ட முறையை, பிற அங்கத்தினர்க்கும் பயன்படுமாறு வரிசைப்படுத்தித் தருகிறோம்.

முதலாவது, வாய்ப்பை அடைத்தல். பயிற்சி நடக்கும் காலம் முழுவதும் நாய்க்குத் துரத்தும் வாய்ப்பு ஒருமுறையும் கிட்டலாகாது. கிலுவை வேலியின் மேல் ஆளுயரத்திற்கு மூங்கில் தட்டி கட்டினார்கள். வெளியே செல்லும்போதெல்லாம் கயிறு. ஓடுகிற ஓட்டத்தில் கயிறு சுண்டினால் மெலிந்த கழுத்து நொந்துவிடும் என்பதால், பழைய பருத்தி நாடாப்பட்டையைக் கொண்டு நெசவாளரே ஒரு மார்புக்கச்சை தைத்தார்.

இரண்டாவது, ஓடும் ஆசைக்கு வடிகால். ஓடப் பிறந்த நாயைப் பகலெல்லாம் கட்டிப்போட்டால் அதன் வெறி மிகும். விடியுமுன் மகன் அதனை நீண்ட கயிற்றில் வாய்க்கால் கரையோரம் அழைத்துச் சென்று ஓட்டிவந்தான். மாலையில் துணிப்பந்தை எறிந்து கவ்வி வரச் செய்தான். கவ்வும் ஆசை பந்தின் மேல் சென்றது.

மூன்றாவது, 'விடு' என்ற சொல். கோழியின் பக்கமே போகாமல், வீட்டுக்குள் இதனைக் கற்பித்தார்கள். மூடிய கையில் தின்பண்டத்தை வைத்து நாயின் முன் நீட்டுவது. நாய் முகர்ந்து, நக்கி, பிராண்டிப் பார்த்துவிட்டு வாயை எடுத்த அக்கணமே 'விடு' என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறொரு துண்டு கொடுப்பது. விடுவதால் இழப்பில்லை, லாபமே என்று நாய்க்குப் புரிய வேண்டும். பரிசு உடனே கிடைக்க வேண்டும். சற்றுத் தாழ்த்தினாலும் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. 'வா' என்ற சொல்லையும் இவ்வாறே பழக்கினார்கள்.

நான்காவது, தொலைவிலிருந்து நெருங்குதல். ஒரு கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, நாயைக் கயிற்றோடு ஐம்பதடிக்கு அப்பால் நிறுத்தினார்கள். சரியான தொலைவு எது? நாய் கோழியைக் கண்டும், நாம் நீட்டும் தின்பண்டத்தை வாங்கி உண்ணும் தொலைவே சரியான தொலைவு. உண்ண மறுத்து, உடல் விறைத்து, கோழியையே உற்று நோக்கினால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்பது பொருள். உடனே பின்வாங்க வேண்டும். கோழியை விட்டு முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு. வேளைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இரு வேளை. அதற்கு மேல் கூடாது. நாள்தோறும் ஓரிரண்டு அடி நெருங்கலாம். பஞ்சாரத்துக் கோழி பழகிய பின் வேலிக்கு அப்பால் மேயும் கோழி. அதன்பின் இறகடித்து ஓடும் கோழி. ஒவ்வொன்றுக்கும் தொலைவை மறுபடி கூட்டியே தொடங்க வேண்டும். கோழியும் ஓர் உயிர். அது நடுங்கினால் அன்றைய பாடத்தை நிறுத்திவிட வேண்டும்.

பயிற்சிக்கான தின்பண்டம் அவித்த முட்டைத் துண்டுகள். முட்டைக்கு நெசவாளர் எங்கும் போகவில்லை. அந்த அம்மையாரிடம் எஞ்சியிருந்த கோழிகள் இட்ட முட்டையை, கடையில் கொடுக்கும் விலையைக் கொடுத்து நாள்தோறும் வாங்கினார். முதல் வாரம் அவர் மனைவி வேலிக்கு மேலே காசை நீட்ட, அம்மையார் முகம் பாராமல் முட்டையை நீட்டினாராம். மாண்ட ஒன்பது கோழிகளின் விலையை மூன்று தவணைகளில் கொடுப்பதாகவும் நெசவாளர் ஒப்புக்கொண்டார். பயிற்சி என்பது நாய்க்கு மட்டும் நடக்கவில்லை.

குட்டிப் பருவத்தின் அருமை

இத்தனை பாடும் குட்டியிலேயே தொடங்கியிருந்தால் பாதியாகக் குறைந்திருக்கும். 1833-இல் தென்னமெரிக்காவில் இன்றைய உருகுவே நாட்டுப் பகுதியில் பயணம் செய்த டார்வின், ஆட்டு மந்தையை மனிதத் துணையின்றியே காத்துநின்ற நாய்களைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அங்குள்ளோர் குட்டியை மிக இளமையிலேயே தாயிடமிருந்து பிரித்து, நாள்தோறும் சில முறை ஒரு பெண்ணாட்டிடம் பாலூட்டச் செய்து, பட்டிக்குள்ளேயே ஆட்டு மயிரால் படுக்கை அமைத்து வளர்த்தார்களாம். அவ்வாறு வளர்ந்த நாய் மந்தையையே தன் குடும்பமாகக் கொண்டுவிடும்.

அமெரிக்க அறிஞர்களான ஸ்காட்டும் ஃபுல்லரும் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலில், நாய்க்குட்டியின் மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலமே அது யாரோடு உறவு கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கும் பருவம் என்று காட்டினார்கள். அப்பருவத்தில் கோழி, ஆடு, பூனை, கன்று ஆகியவற்றை அமைதியாகக் கண்டும் முகர்ந்தும் வளரும் குட்டி, பிற்காலத்தில் அவற்றை இரையாகக் கருதுவது குறைவு. தாயைப் பிரிக்க எட்டு வாரமாவது ஆக வேண்டும் என்பதால், குட்டி வாங்கிய முதல் மாதமே பொன்னான மாதம். அதனை விளையாட்டாகக் கழித்துவிடுகிறோம். குட்டி கோழியைத் துரத்தும்போது சிரித்து ரசிக்கிறோம். அந்தச் சிரிப்பே அதற்கு முதற்பாடமாகிவிடுகிறது.

செய்யத் தகாதவை

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டினால் திருந்தும் என்று தெருவில் ஒரு பெரியவர் யோசனை சொன்னார். இதனால் பயனில்லை. செயல் முடிந்து நெடுநேரம் கழித்து வரும் தண்டனையை நாய் அச்செயலோடு இணைத்துக் காணாது. அடிக்கிற கையைக் கண்டு அஞ்சக் கற்கும், அவ்வளவே. கோழி இருக்குமிடத்தில் அடிபட்ட நாய் கோழியின் மேல் முன்னினும் வெறி கொள்வதும் உண்டு. பச்சை மாமிசம் தின்றால் ரத்த ருசி கண்டு கொல்லும் என்பதும் ஆதாரமற்ற அச்சமே. துரத்தும் ஆசை வேறு, வயிற்றுப் பசி வேறு.

விஷம் வைப்பது பாவமும் குற்றமும் ஆகும். நாட்டியத்தில் புகழ்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் ராஜ்ய சபையில் எடுத்த முயற்சியைத் தொடர்ந்து இயற்றப்பட்ட 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் அதனைத் தண்டிக்கிறது. தவிர, நாய்க்கு வைத்த விஷம் நாயோடு நிற்பதில்லை. காக்கை, பூனை, அயலார் கோழி என்று தொடரும்.

எலியும் முயலும்

வரப்பில் எலியைப் பிடிக்காத நாய் எதற்கு என்று விவசாய அங்கத்தினர் கேட்கக்கூடும். கோழி கூடாது, எலி கூடும் என்று பிரித்தறியச் சில நாய்கள் கற்றுக்கொள்வதுண்டு. எனினும் எலி வேட்டைக்கு நாயை ஏவுவது இக்காலத்தில் அபாயம். மருந்து தின்ற எலியைக் கவ்வி நாய் மாளலாம்; எலிக்காய்ச்சல் நாய்க்குப் பற்றி, அதன் சிறுநீரால் வீட்டாருக்கும் பரவலாம். வயலுக்குத் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. ஆந்தை வந்தமரக் குச்சிகள் நடலாம். அவ்வேலையை அவற்றிடம் விடுவோம்.

முயல், கீரி, உடும்பு ஆகியன 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. நாயை ஏவி அவற்றைப் பிடிப்பது பொழுதுபோக்கன்று, குற்றம்.

வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, மருத்துவர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இரவில் அவிழ்த்துவிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். பகலில் குழந்தையோடு விளையாடும் நாயும் இரவில் தெருநாய்க் கூட்டத்தோடு சேர்ந்தால் கூட்டத்தின் குணமே கொள்ளும். 2024, 2025-ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் நாய்க் கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், ஆடு வளர்ப்போர் இழப்பீடு கோரித் தெருவில் இறங்கிப் போராடியதும் நாம் அறிந்ததே. கடன் வாங்கி ஆடு வாங்கியவர்க்கு ஓர் இரவில் எல்லாம் போயிற்று. நம் வீட்டு நாய் அத்தகைய கூட்டத்தில் ஒன்றாகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

கிடை வந்த மாதம்

பயிற்சி நேர்கோட்டில் செல்லவில்லை. ஆறாவது வாரத்தில் பேரக் குழந்தை விளையாட்டாகக் கயிற்றை அவிழ்த்துவிட, நாய் தெருவில் மேய்ந்த ஒரு பெட்டைக் கோழியைத் துரத்தி வால் இறகைப் பறித்துவிட்டது. கோழி பிழைத்தது, பயிற்சி மீண்டும் ஐம்பதடியில் தொடங்கியது. நெசவாளர் சலித்துக்கொள்ளவில்லை. "இழை அறுந்தா முடிஞ்சுக்கிட்டு மேலே நெய்யறதுதானே ஐயா" என்றார்.

மாசி மாதம் நாம் மீண்டும் சென்றபோது சம்பா அறுவடை முடிந்திருந்தது. இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் வந்து வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். வாத்துக் கூட்டமொன்று தாளடியில் இறங்கியிருந்தது. மகன் நாயைக் கயிற்றோடு வரப்பில் அழைத்து வந்தான். நாமும் உடன் நடந்தோம். வாத்துகள் ஒருசேரக் கூவித் திரும்பின. நாயின் காது நிமிர்ந்தது. முன்கால் ஒன்று தூக்கிக்கொண்டது. நம் நெஞ்சு படபடத்தது. "விடு" என்றான் பையன், மெதுவாக. சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாய் காலைக் கீழே வைத்து, தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தது. முட்டைத் துண்டு கிடைத்தது.

இதனைக் கொண்டு நாய் முற்றும் திருந்திற்று என்று நாம் எழுதமாட்டோம். ஒருமுறை கொன்ற நாயை, அதிலும் வேட்டைச் சாதி நாயை, ஆளின்றிக் கோழிகளிடையே விடலாகாது என்பதே மருத்துவரின் தீர்ப்பு. அந்த நாய்க்கு ஆயுள் உள்ளளவும் கயிறும் தட்டியும் உண்டு. ஆடு மேயும் வெளியில் செல்ல நேர்ந்தால், மூச்சு வாங்கவும் நீர் பருகவும் இடமுள்ள வாய்க்கூடை மாட்டுகிறார்கள். பயிற்சி நாயின் இயல்பை அழிப்பதில்லை. அந்த இயல்புக்கும் அயலார் கோழிக்கும் நடுவே வளர்ப்பவனின் சொல்லை நிறுத்துகிறது. சொல் எட்டாத இடத்தில் கயிறு நிற்க வேண்டும்.

கோழி விலையின் மூன்றாம் தவணையை நெசவாளர் தை மாதமே கொடுத்துவிட்டார். பங்குனியில் அவருடைய கடன் புதுப்பிப்புக்கு வந்தது. ஜாமீன் பத்தியைப் பார்த்தோம். அதே அம்மையாரின் கையெழுத்து. அவர் சிறுசேமிப்பும் மீண்டும் மாதந்தோறும் வரவாகியிருந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரே, "தட்டியை இன்னும் ஒரு முழம் ஒசத்தச் சொல்லியிருக்கேன் ஐயா, அண்ணனும் சரின்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்பதே சங்கத்தின் அடிப்படை. தன் வீட்டு நாய்க்குத் தானே பொறுப்பேற்பது அதனினும் எளிய கடமை. நாய் வளர்க்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்று மாலை கொல்லைப் பக்கம் சென்று, வேலியின் உயரத்தை ஒருமுறை பார்த்து வர வேண்டுகிறோம்.